முன்பே இருந்த நோய்

டாக்டர் கூப்பிடுவார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆணா பெண்ணா, தமிழ் தெரிந்தவரா, சிடுசிடுப்பவரா, ஒன்றும் சொல்லவில்லை. எப்போது என்று கேட்டதற்கு மதியத்துக்கு மேல் என்றார்கள். மதியத்துக்கு மேல் என்பது இத்தனை நீளமானது என்று ஆவுடைக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நிகிலனுக்கு ரசம்சாதம் ஊட்டி, வாய் துடைத்து, தூளியில் போட்டதிலிருந்து மதியத்துக்கு மேல்தான் நடந்துகொண்டிருந்தது. ஊரப்பாக்கத்து மூன்றாவது மாடி வீட்டில், கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலதுகால் கட்டைவிரலில் தூளிக் கயிறு. கால் நின்றால் அவன் முழித்துக்கொள்வான். போன் அடித்தாலும் முழித்துக்கொள்வான். சத்தத்தை அறவே எடுத்துவிட்டால் டாக்டர் கூப்பிட்டது தெரியாமல் போய், தாங்கள் அழைப்பை ஏற்காதபடியால் என்று ஆரம்பித்து ஒரு மெசேஜ் வந்து எல்லாம் முடிந்துவிடும். அதனால் போனை அதிர்வில் போட்டுத் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள். வைத்ததிலிருந்து தொடை தன்னால் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. போன் இல்லாத இடது தொடையும் அதிர்ந்தது. சும்மா இருக்கிற தொடை அதிர்வதும் ஒரு வியாதியாக இருக்குமோ, அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமோ, சொல்லாமல் விட்டால் மறைத்ததாகிவிடுமோ. பத்து நிமிஷ வேலை மேடம், கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் என்றாள் இன்சூரன்ஸ் ஆப்பிலிருந்து பேசிய பெண். அவளுக்கென்ன. கேட்கிற கேள்வியில் ஒன்று இருக்கிறது, குழந்தைக்கு எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று. ஆமாம் என்றால் பிள்ளையைப் பாலிசியில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பயம். இல்லை என்றால் சிரித்த முகமாகச் சேர்த்துக்கொண்டு, மறுபடி ஒரு நாள் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறபோது பழைய சங்கதியைத் தோண்டி எடுத்து, மறைத்தீர்களே அம்மா, இனி உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுமில்லை என்று கையை விரிப்பார்களோ என்று அதைவிடப் பெரிய பயம். இந்தப் பயத்துக்கும் அந்தப் பயத்துக்கும் நடுவில் தூளி போய்ப் போய் வந்தது.

வந்தது ஒரே ஒரு தடவைதான். ஒரே ஒரு தடவை என்று மனசுக்குள் சொல்லும்போதெல்லாம் அது இன்னொரு தடவை வந்துவிட்டுப் போனது. கார்த்திகை மாசம், விளக்கு வைக்கிற நேரம், மடியில் காய்ச்சலோடு சிணுங்கிக்கொண்டிருந்தவன் சிணுங்கலைப் பாதியில் விட்டுவிட்டு மேலே ஃபேனைப் பார்த்தான். என்னத்தப் பாக்கான் என்று அவளும் ஃபேனைப் பார்த்தாள். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை, அந்த நேரத்தில் தானும் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்தால் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே செருகியிருக்கிறது. அவள் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் அந்த மாடியில் எல்லாக் கதவும் திறந்தன. எதிர்வீட்டு மாலினி அக்கா வெளியே கிளம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தவள், ஓடி வந்த வேகத்தில் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். இரும்பு பட்டா நின்னுரும்மா, பயப்படாதே. இரும்பு பட்டதால் நின்றதோ தன்னால் நின்றதோ, ஆட்டோ மெயின்ரோட்டுக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. ஆனால் சாவியை அவன் விடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இருந்துட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். மாலினி அக்கா வீட்டுக்குள் போக வழியில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து இருந்திருக்கிறாள், அவள் வீட்டுக்காரர் வேறு சாவியோடு வரும்வரை. இன்றைக்கும் எதிரில் பார்த்தால் முதலில் பையன் எப்படி இருக்கான் என்பாள், அடுத்த நிமிஷம் கை தன்னால் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டாள். உண்டு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு முந்தின மாசம்வரை உண்டு. இசக்கிராஜா மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இருந்தவரைக்கும் பொண்டாட்டி பிள்ளை எல்லாருக்கும் கம்பெனியே போட்டிருந்தது, ஒரு கேள்வி கேட்டது கிடையாது. சொந்தமாக லோடு வண்டி வாங்கி ஓட்டுகிறேன் என்று அவன் வேலையை விட்ட அன்றைக்குக் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி வாங்கினார்கள், அதோடு அதுவும் போயிற்று. கழுத்தில் அட்டை தொங்கினால் குடும்பத்துக்கு நோய் வரலாம், அட்டை இல்லையென்றால் வரக்கூடாது. பிள்ளைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆப். இறக்கிய அன்றைக்குப் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, கையில் பை இல்லாமல், மூக்கைப் பொத்த வேண்டிய அவசியம் இல்லாமல். கம்பெனிகள் வரிசையாகக் கடை விரித்திருந்தன. ஒன்று, ஆஸ்பத்திரியில் எந்த ரூமில் வேண்டுமானாலும் படுத்துக்கொள் என்றது. ஒன்று, அடுத்த பிரசவத்தையும் சேர்த்துத் தருகிறேன் என்றது, கேட்கவே இல்லை. ஒன்று, வருஷத்துக்கு ஒரு தடவை சும்மா ரத்தம் பார்த்துத் தருகிறேன் என்று கொசுறு போட்டது. இரண்டு கடையை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அவன் இவ்வளவு தருகிறானே நீ என்ன தருவாய் என்று கேட்கலாம், கடைக்காரன் முகம் சுளிக்க மாட்டான். ஊரில் அப்படியா. ஊரில் இன்சூரன்ஸ் என்றால் பால்துரை அண்ணாச்சி. அண்ணாச்சி எந்தக் கம்பெனிக்கு ஏஜெண்டோ அது ஒன்றுதான் உலகத்தில் உள்ள கம்பெனி. அவர் கண்ணில் பட்டால்தான் நமக்குப் பாலிசி, படாத தெருவுக்கு ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு அவர்தான் போட்டார். சர்க்கரை வியாதி உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதும்போது அப்பா அவருக்கு எதிரில் உட்கார்ந்து சீனி போடாத காப்பிதான் குடித்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் எழுதினா கட்டுத பணம் கூடிரும் சார்வாள், ஆண்டவன் மேல பாரத்தப் போட்டு இல்லைன்னே போட்டுருவோம் என்றார் அண்ணாச்சி. ஆண்டவன்மேல் போட்ட பாரம், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு அப்படியே திரும்பி அப்பாமேலேயே இறங்கியது. கம்பெனி பைசா தரவில்லை. அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, அவனுக இப்பிடிச் செய்வானுகன்னு யாரு கண்டா என்று அப்பாவைவிட அதிகமாகக் கலங்கினார். அம்மா ஃப்ளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொடுத்த காப்பிக்குச் சீனி பத்தாது என்றார். அப்பா அதற்குச் சிரித்தார். சிரித்ததால் நெஞ்சு வலித்து மறுபடி மெஷினில் கோடு கோணலாகப் போய், நர்ஸ் வந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள்.

ஆப்புக்கு அண்ணாச்சியின் தயவு தாட்சண்யம் கிடையாது, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடும். குழந்தைக்கு இவற்றில் ஏதேனும் இருந்ததா என்று கேட்டுவிட்டுக் கீழே கட்டங்கள் வைத்திருந்தது. வலிப்பு என்ற கட்டத்தைச் சும்மா தொட்டுத்தான் பார்த்தாள். கடைகள் சரசரவென்று காணாமல் போயின, கருவாட்டுக் கடைத்தெருவில் திடீரென்று மழை இறங்கின மாதிரி. நாலைந்து பேர் மட்டும் ஓடாமல் நின்றார்கள், அவர்களும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. டிக்கை எடுத்தாள், ஓடினவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வந்து மறுபடி விரித்தார்கள். போட்டாள், ஓடினார்கள். எடுத்தாள், வந்தார்கள். நிகிலன் ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து விளையாடுவானே, அந்த மாதிரி ஒரு காலைப்பொழுது முழுக்க அதையே செய்துகொண்டிருந்தாள். என் பிள்ளையைக் கண்டு இத்தனை பெரிய கம்பெனிகள் ஓடுகின்றனவே என்று ஒரு கட்டத்தில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் ஓடாமல் நின்றவர்களில் ஒருவரைப் பார்த்து வைத்துக்கொண்டு, கட்டத்தைத் தொடாமல் விட்டுவிட்டாள். அதை டாக்டர்கிட்டயே சொல்லிக்கலாம் மேடம், இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்று ஆப்புப் பெண் சொன்னது ரொம்ப ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் இன்றைக்கு மதியத்துக்கு மேல் வரைதான் செல்லும் என்று அப்போது யோசிக்கவில்லை. இசக்கிராஜாவிடம் கேட்டால், "நீதான கான்வென்ட்டுல படிச்ச, ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கான்வென்ட்டில் படித்ததை அவன் எடுப்பது இந்த மாதிரி நேரத்திலும், கூரியர்க்காரன் இந்தியில் பேசும்போதும்தான். அத்தையோ அம்பாசமுத்திரத்திலிருந்து காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள். "ஏளா ஆவுடை, அந்தச் சங்கதிய வாயில எடுத்துராத. போன்ல பேசுதது எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுக்கிடுதாவளாம். நாளைக்கு இவனுக்கு ஒரு பொண்ணு கேட்டுப் போவணும்லா." பொண்ணு கேட்டுப் போக வேண்டியவன் இடுப்பில் அரைஞாண் கயிறு தவிர வேறு ஒன்றும் இல்லாமல் தூளிக்குள் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான். "யாரும் கேட்டா ஜன்னின்னு சொல்லு. ஜன்னி எல்லாப் பிள்ளைக்கும் வரும்." சரி அத்தை என்றாள். அப்படியானால் இன்னும் இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு பெண்வீட்டார் வந்து, உங்கள் பையனைப் பற்றி இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரித்தோம் என்பார்களா. அந்தப் பெண்ணுக்கு இப்போது என்ன வயசு, பிறந்திருப்பாளா, அவள் அம்மாவும் இந்நேரம் எங்கேயோ தரையில் உட்கார்ந்து தூளி ஆட்டிக்கொண்டிருப்பாளா, அவளுக்கும் டாக்டர் கூப்பிடுவாரா.

மறைப்பது என்பது ஆவுடைக்கு வராத கலை. பாளையங்கோட்டையில் சிஸ்டர்கள் அதை முளையிலேயே கிள்ளிவிட்டார்கள். மாசத்தின் முதல் வெள்ளிக்கிழமை கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகச் சாப்பலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது செய்த பாவங்களை ஃபாதரிடம் சொல்லிவிட்டு வரப் போவார்கள். மற்ற பிள்ளைகளுக்கு, அதாவது ஆவுடைக்கும் ஜமீலாவுக்கும் இன்னும் பாதி வகுப்புக்கும், மாரல் சயின்ஸ். உண்மையே பேச வேண்டும் என்ற பாடத்தை இன்னொரு தடவை எழுது என்று விட்டுவிட்டு சிஸ்டர் பசிலியா எம்பிராய்டரி போடுவார். போனவர்கள் திரும்பி வரும்போது முகமெல்லாம் கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருக்கும். ஆவுடைக்குப் பொறாமையாக இருக்கும். அவளிடமும் நிறையச் சரக்கு இருந்தது, கொட்டத்தான் இடமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வரிசையில் கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டு போய்க்கூடப் பார்த்தாள். சிஸ்டர் நெற்றி விபூதியைப் பார்த்துக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார், திட்டவில்லை, உனக்கு வேறு கவுண்டர் என்கிற மாதிரி ஒரு பார்வை. அந்த வரிசையில் போய்வரும் ஜாக்குலின் அமலிதான் பிறகு நுணுக்கமெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மொதல்ல சின்னப் பாவம் ரெண்டு சொல்லணும்டி, ஜெபத்துல தூங்கினேன், தம்பியக் கிள்ளினேன், அப்பிடி. ஃபாதர் அதுக்குள்ள பாதித் தூக்கத்துக்குப் போயிருவார். நடுவுல பெரிசை வேகமா உருட்டி விட்டுரணும். ஒடனே மறுபடி சின்னது ரெண்டு. ஆனா ஒண்ணு, மறைக்க மட்டும் கூடாது. ஒண்ணை மறைச்சா சொன்ன அம்புட்டும் செல்லாமப் போயிரும். பாலிசிப் பத்திரத்தில் பொடி எழுத்தில் படித்ததும் அதுவேதான். ஆகவே ஆவுடை அமலியின் முறைப்படி தயார் செய்துவைத்திருந்தாள். மூக்கடைப்பு, பேதி, வலிப்பு, வாய்ப்புண், வேர்க்குரு. தூளியின் ஒரு ஆட்டத்துக்கு ஒரு நோய் என்று முணுமுணுத்துப் பார்த்தாள். மூக்கடைப்பு, பேதி, வலிப்பு, வாய்ப்புண், வேர்க்குரு. கேட்கக் கேட்க ராகம் கூட வந்துவிட்டது. பிள்ளைக்குத் தாலாட்டாக அவனுடைய நோய்களையே பாடிக்கொண்டிருக்கிறோம் என்று உணர்ந்தபோது நாக்கைக் கடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பழைய பாட்டுக்குப் போனாள். பழைய பாட்டில் மாமன் அடித்தானோ என்று வந்தது. அதையும் டாக்டர் கேட்டால் ஒரு மாதிரி இருக்கும் என்று நிறுத்திவிட்டாள். அடுத்த வீட்டில் குக்கர் கத்தியது. தாம்பரம் பக்கம் போகிற ரயில் ஒன்று ஜன்னல் கம்பியை நடுக்கிவிட்டுப் போனது. மறுபடி தொடை. இது நிஜமாகவே தொடையில்லை, போன்.

பெயர் வராத நம்பர். எடுத்தாள். "வணக்கம் மேடம், ஆவுடையம்மாள் மேடங்களா?" ஆண் குரல். காலையிலிருந்து பேசிப் பேசிக் களைத்த குரல். பெரிய டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று தோன்றியது. "ஆமா டாக்டர்." "இன்சூரன்ஸ் விஷயமாப் பேசணும் மேடம், பேசலாங்களா?" பேசலாம் டாக்டர் என்று கயிற்றை இழுத்துக்கொண்டே ஆரம்பித்தாள். பையனுக்கு ஒண்ணேமுக்கால் வயசு டாக்டர், மூக்கடைப்பு உண்டு, பனிக்காலத்தில் மட்டும். பேதி ஆனி மாசம் ஒரு தடவை போச்சு, சாமிக்குப் படைத்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டான். "ஓ" என்றார் அவர். இப்போது நடுவில் பெரியதை உருட்ட வேண்டும். வாயைத் திறந்தாள், வேர்க்குரு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சின்னது சின்னதாகவே வந்துகொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை. கொசு கடித்தால் தடித்துப்போகும். தேங்காய்ப்பால் சேராது. எனக்கு ஏழாவது படிக்கும்போது மஞ்சள்காமாலை, கீழாநெல்லி குடித்துச் சரியாயிற்று. பிரேயரில் மயங்கி விழுந்திருக்கிறேன், காலையில் சாப்பிடாமல் போனதால். அவங்க அப்பா குறட்டை விடுவாங்க, அது அவங்க பேர்ல எழுதுவீங்களா என் பேர்ல எழுதுவீங்களா தெரியலை, ஏன்னா கஷ்டம் எனக்குத்தான். "சரிங்க மேடம், ஆனா வந்து" என்றார் அவர். அவ்வளவுதான், கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். கேட்டு வாங்குவதற்கு முன்னால் நாமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. "ஃபிட்ஸ் வந்துச்சு டாக்டர், ஒரு தடவை." கயிறு நின்றது. "காய்ச்சலோட வந்துச்சு. மேல ஃபேனைப் பாத்தான். நானும் பாத்தேன் டாக்டர், அவன் என்னத்தப் பாக்கான்னு. அந்நேரம் நான் ஃபேனைத்தான் பாத்துட்டு இருந்தேன். இத நான் அவங்ககிட்டகூடச் சொல்லல." சொன்னபிறகு கூடம் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. "பிள்ளையச் சேத்துக்கிடுவீங்கள்லா?" அங்கே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நான் டாக்டர் இல்லிங்க. கார் இன்சூரன்ஸ் ரினியூவலுக்குக் கூப்பிட்டேன்." ஆவுடை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "எங்ககிட்ட கார் இல்லையே." "பாதியிலயே அப்படித்தான் எனக்கும் தோணுச்சு மேடம், நீங்க விடலை." அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தாள். "பையன் இப்ப எப்படி இருக்கான் மேடம்?" "தூங்குதான்." "என் பொண்ணுக்கும் சின்னதுல வந்துச்சு மேடம். இப்ப ஒன்பதாவது படிக்கிறா. எதிர்த்து எதிர்த்துப் பேசுறா." அதைக் கேட்டதும் ஏனோ அவருக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும்போல் இருந்தது. "ஒரு லோடு வண்டி இருக்கு" என்றாள். குரல் சட்டென்று களைப்பை உதறியது. "அது எப்ப முடியுது மேடம்?" "அவங்ககிட்டதான் கேக்கணும்." "சாயங்காலமாக் கூப்பிடுறேன். டாக்டர் பேசினாங்கன்னா அதை மொதல்லயே சொல்லிருங்க மேடம். கடைசில சொன்னா எங்களுக்கே பக்குனு இருக்கு."

வெட்கமாக இருந்தது, வயிற்றுக்குள் சிரிப்பாகவும் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு கார்க்காரரிடம் கீழாநெல்லி வரைக்கும் சொல்லியாயிற்று. இசக்கிராஜாவின் குறட்டை இந்நேரம் எந்த ஊரிலோ பதிவாகியிருக்கும். அத்தைக்குத் தெரிந்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். பெண்ணைப் பெற்றவர்கள் இனி கார்க் கம்பெனியிலும் விசாரிக்க வேண்டும். கயிறு நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் கவனித்தாள். தூளி தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது, அவன் முழிக்கவில்லை. தான் ஆட்டாவிட்டாலும் தூங்குவானா. எத்தனை நாளாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான் இப்படி, தன் கால் மட்டும் சும்மா வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சேலைக்குள் கையை விட்டு நெற்றியைத் தொட்டாள். சூடில்லை. கழுத்தைத் தொட்டாள். தன் கைதான் குளிர்ந்திருக்கிறதோ என்று கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், கன்னம் சுட்டது, அல்லது கை குளிர்ந்தது, இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மறுபடி நெற்றிக்குப் போனாள். சொல் வாயைவிட்டு வெளியே வந்துவிட்டது, கூரை விழவில்லை. ஆனால் சொன்னது கார்க்காரரிடம். டாக்டரிடம் போகும்போது அந்தச் சொல் மறுபடி தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டால். ஓடாமல் நின்ற கம்பெனியும் கடைசியில் ஓடிவிட்டால். ஓடிவிட்டால் அடுத்த காய்ச்சலுக்கு யார், அதற்கடுத்த காய்ச்சலுக்கு யார், மழைக்காலம் வருகிறது, கொசு வருகிறது, பால்வாடிக்குப் போனால் அங்கேயுள்ள பிள்ளைகளின் சளியெல்லாம் வருகிறது. போன் மறுபடி அதிர்ந்தபோது அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"நீங்க டாக்டர்தானா?" "ஆமாங்க, டாக்டர் ஹர்ஷினி. ஏங்க?" இளவயசுக் குரல், வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தது. "கார் விஷயம் இல்லையே?" "என்ன காருங்க?" "ஒண்ணுமில்ல டாக்டர். பையனுக்கு ஒரு தடவை ஃபிட்ஸ் வந்திருக்கு, காய்ச்சலோட, கார்த்திகையில. மறைக்கல. எழுதிக்கிடுங்க." மெல்லுவது நின்றது. "அம்மா, முதல்ல உங்க பேரையும் பிறந்த தேதியையும் சொல்லணும். ரெக்கார்ட் ஆகுது." சொன்னாள். பிறகு கேள்விகள் வந்தன. காய்ச்சல் இல்லாமல் எப்போதாவது வந்ததா. இல்லை. எவ்வளவு நேரம் இருந்தது. ஒரு யுகம் என்று சொல்ல வந்து, ஆட்டோ ஏறி மெயின்ரோட்டுக்கு வருவதற்குள் நின்றது என்றாள். வீட்டிலிருந்து மெயின்ரோடு எவ்வளவு தூரம் என்றார் டாக்டர், அதையும் எழுதினார் போல. மருந்து ஏதாவது தொடர்ந்து கொடுக்கிறார்களா. இல்லை. கையில் சாவி கொடுத்தார்கள், அதுவும் அன்றைக்கு மட்டும்தான். "சாவி எல்லாம் இதுல வராதுங்க" என்ற குரலில் சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை. வேறு ஆஸ்பத்திரி, நடப்பது, பேசுவது, பெயர் சொன்னால் திரும்புகிறானா. திரும்ப மாட்டான் டாக்டர், ஆனா பிஸ்கட் கவர் சத்தம் கேட்டாத் திரும்புவான். தட்டச்சுச் சத்தம் நீளமாகக் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் பிள்ளையின் பாடு முழுவதும் இருந்தது. ஆவுடை தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சின்னக் காலைப் பார்த்தாள். "டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் அனுப்பிருங்க. முடிவு கம்பெனிதாம்மா சொல்லணும், நான் சொல்ல முடியாது. ஆனா காய்ச்சலோட ஒரே ஒரு தடவை வந்ததுக்காக இந்தக் கம்பெனி பிள்ளையை வேண்டாம்னு சொல்லி நான் பாத்ததில்ல. மறைச்சு, பின்னாடி தெரிய வந்து, பாலிசியே போனவங்களைத்தான் பாத்திருக்கேன்." ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேக்குதாம்மா?" "கேக்குது டாக்டர்." "அப்ப உங்களுக்கு வருவோம். சர்க்கரை, பிரஷர்?" இல்லை. மஞ்சள்காமாலையைச் சொன்னாள். மயங்கி விழுந்ததைச் சொன்னாள். இந்த வேகத்தில் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "தூக்கம் எப்படி?" "கிடையாது." "கிடையாதுன்னா?" "அவன் மூச்சு விடுதானான்னு பாக்கணும்லா. கண்ண மூடுனா நெஞ்சு படபடன்னு அடிக்கும். கை குளுந்து போவும். ஃபேன் சுத்துததப் பாத்தா ஒரு மாதிரி வரும், அதனால ஃபேனைப் போடாம உக்காந்திருப்பேன். சும்மா இருக்கும்போதே தொடை அதிரும். ரெண்டு தொடையும்." "எப்ப இருந்தும்மா?" "கார்த்திகையில இருந்து." தட்டச்சுச் சத்தம் நின்றது, ஆரம்பித்தது, மறுபடி நின்றது. "அம்மா, பையனுக்கு டெஸ்ட் எதுவும் தேவையில்லை. உங்களுக்கு இ.சி.ஜி.யும் ரத்தமும் எழுதியிருக்கேன். நாளைக்குக் காலையில ஆள் வீட்டுக்கே வருவாங்க, வெறும் வயிறா இருங்க." "எனக்கா?" "உங்களுக்குத்தான். அதுல ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிறேன். படபடப்புன்னு எழுதிட்டேன். பயம்னு எழுதுறதுக்கு இதுல இடம் கொடுக்கல." கொஞ்சம் பொறுத்து, ரெக்கார்ட் ஆகிற குரல் போல் இல்லாமல் வேறு மாதிரி, "பக்கத்துல யாராவது இருந்தா பாத்துக்கச் சொல்லிட்டுப் படுங்கம்மா. அவன் தூங்கும்போதாவது தூங்குங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் சாய்ந்தாள். தரை குளுகுளுவென்று இருந்தது. இதற்கு முன்னால் இந்தத் தரை இத்தனை குளிர்ச்சியாக இருந்ததில்லை, அல்லது அவள் இதில் படுத்ததில்லை. இத்தனை கம்பெனிகள் கடை விரித்து, ஓடி, நின்று, கேள்வி கேட்டு, கடைசியில் வீட்டில் சந்தேகப்படும்படியான ஆள் யாரென்றால் அவள்தான். அத்தையிடம் சொல்ல வேண்டும், கவலைப்படாதீங்க, பேரனுக்கு ஒண்ணுமில்ல, மருமகளைத்தான் சோதிக்காங்க, எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டு. இசக்கிராஜாவிடம் சொல்ல வேண்டும். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே வரிசை நழுவி, சிஸ்டர் பசிலியா லோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து எம்பிராய்டரி போட ஆரம்பித்துவிட்டார். எங்கேயோ தொலைவில் தூளி குலுங்கியது. வயிற்றில் ஒரு முழங்கால் ஏறியது, பிறகு ஒரு பாதம், பிறகு முழு ஆளும் அவளைத் தாண்டித் தரையில் இறங்கிப் போனான். சுவர்ப் பக்கம் ஒரு ஸ்விட்ச் டக்கென்றது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். போன் தரையில் வண்டு மாதிரி சுற்றியது. ஒரு சின்ன விரல் எதையெதையோ அமுக்கியதும் நின்றது. "ஏ இவளே, என்னாச்சு? டாக்டர் கூப்ட்டாவளா? சொல்லிட்டியா, விட்டுட்டியா?" வண்டிச் சத்தத்துக்கு நடுவில் இசக்கிராஜாவின் குரல் கூடத்தில் பெரிதாகக் கேட்டது. "ப்பா" என்றான் நிகிலன். "நீயால? அம்மை எங்க?" "ம்மா தாச்சி." இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின் சத்தம் தணிந்தது, வண்டியை ஓரங்கட்டியிருக்க வேண்டும். "தூங்குதாளா? ஒங்க அம்மையா? பகல்லயா?" பிறகு குரலை அடியோடு இறக்கிக்கொண்டு, "சரி சரி, எழுப்பாத. போனை வச்சிரு" என்றான். நிகிலனுக்கு வைக்கத் தெரியாது. இசக்கிராஜாவும் வைக்கவில்லை. பிள்ளை போனைக் கீழே வைத்து அதன்மேல் குனிந்துகொண்டு, மதியத்துக்கு மேல் நடந்ததையெல்லாம் தன் பாஷையில் ஒன்று விடாமல் அவனிடம் சொல்ல ஆரம்பித்தான், அவன் அதற்கு ரகசியக் குரலில் அப்பிடியா, அப்புறம் என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. யார் போட்டது என்று பார்ப்பதற்கு ஆவுடை கண்ணைத் திறக்கவில்லை.